சோபா கடையில் சாப்பிடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்கு வரும் நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் நான் முதலில் கூட்டிப் போவது சுஷி கடைக்கு அல்ல, சோபா என்னும் ஜப்பானிய நூடுல்ஸ் கடைக்கு. ரயிலில் போகும்போதே கேள்விகள் ஆரம்பித்துவிடும். பல வருடங்களாக அதே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிநீரிலிருந்து எடுத்த சோபாவின் ஆயுள் சில நிமிடங்கள்தான். அதற்குள் சாப்பிட்டால் அது அற்புதம். விட்டுவிட்டால் ஒட்டிக்கொண்டு மாவுக்கட்டி ஆகிவிடும். அந்தக் கடைகளில் நீங்கள் பார்க்கப்போகும் பழக்கவழக்கங்களில் முக்கால்வாசி இதிலிருந்து வந்தவை.

சோபா என்பது கோதுமை நூடுல்ஸா?

இல்லை. பக்வீட் என்னும் செடியின் விதையை அரைத்த மாவில் செய்வது. பெயரில் ‘வீட்’ இருந்தாலும் அது கோதுமைக்கு உறவில்லை, புல் இனமே இல்லை. நம் ஊர் சுக்கான் கீரை எந்தத் தாவரக் குடும்பமோ அதே குடும்பம். கறுத்த ஓடும் மூன்று பட்டையும் உள்ள சின்ன விதை. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்கு ‘குட்டு’ மாவு என்று வாங்குகிறார்களே, அதுவும் இதுதான்.

குளிரான மலைப்பகுதியிலும் சத்தில்லாத மண்ணிலும் விளையும். விதைத்து இரண்டரை மாதத்தில் அறுக்கலாம். அதனால் நெல் விளையாத மலைக்கிராமங்களுக்கு இது உயிர் காக்கும் பயிராக இருந்தது. ஆரம்பத்தில் மாவை வெந்நீரில் கிளறிக் களியாகத்தான் தின்றார்கள். அந்தக் களி இன்றும் ‘சோபாகாகி’ என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. களி தின்று வளர்ந்தவர்கள் அவசியம் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாவைத் தேய்த்து இழையாக வெட்டும் முறைக்கு நாகானோ பகுதியிலுள்ள ஒரு புத்தர் கோயிலின் 1574ஆம் ஆண்டுக் குறிப்பே பழைய சான்று. பிறகு எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, இதைத் தன் உணவாக ஆக்கிக்கொண்டது. தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றையே தின்ற எடோ மக்களைப் பெரிபெரி நோய் வாட்டியது. பக்வீட்டில் அந்த நோயைத் தடுக்கும் பி1 வைட்டமின் உண்டு.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ‘அம்பு’ என்பதில் வரும் ‘ப’ ஒலிதான் இங்கேயும்.

யாகிசோபா, ஒகினாவா சோபா எல்லாம் இதே தானா?

பெயர் மட்டும்தான் ஒன்று. இரண்டும் கோதுமை நூடுல்ஸ். இந்தப் பதில்களில் நான் பேசுவது பக்வீட் சோபாவைப் பற்றி மட்டுமே.

மெனுவில் நிஹாச்சி, ஜூவாரி என்று போட்டிருக்கிறதே?

மாவுக் கலவையின் கணக்கு அது. நிஹாச்சி என்றால் ‘இரண்டு எட்டு’: இரண்டு பங்கு கோதுமை மாவு, எட்டுப் பங்கு பக்வீட். ஜூவாரி என்றால் பத்துக்குப் பத்தும் பக்வீட். எடோ காலத்தில் ஒரு கிண்ணம் சோபா 16 மோன் காசுக்கு விற்றது. ஈரெட்டுப் பதினாறு என்பதால்தான் நிஹாச்சி என்ற பெயர் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

கோதுமை மாவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் என்னும் புரதம் பக்வீட்டில் இல்லை, அதனால் மாவு இழுபடாது, உடையும். அரிசி மாவை இடியாப்ப உழக்கில் பிழிந்து இழை ஆக்கிவிடுகிறோம். இவர்கள் பிழிவதில்லை. தேய்த்து, மடித்து, கத்தியால் வெட்டுகிறார்கள். அதற்குத்தான் அந்த இரண்டு பங்கு கோதுமை. ஜூவாரியில் மணம் தூக்கலாக இருக்கும், இழை கொஞ்சம் சொரசொரப்பு. நிஹாச்சி வழுக்கிக்கொண்டு இறங்கும். ஜூவாரிதான் உசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் முறை போகிறவருக்கு நல்ல கடையின் நிஹாச்சியையே சொல்வேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் மாவு பிசைகிறாரே, அதைப் பார்க்கலாமா?

தாராளமாகப் பாருங்கள், அதற்காகத்தான் அந்த ஜன்னல். ஆனால் அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஆரம்பத்தை. அரக்குப் பூசிய அகலமான மரத்தட்டில் மாவு. தண்ணீரை ஒரே தடவையில் ஊற்ற மாட்டார், இரண்டு மூன்று தடவையாக ஊற்றுவார். விரல்களை விரித்து, நுனியால் மட்டும் மாவைச் சுழற்றுவார். மாவு முதலில் ரவை போலத் திரியும், பிறகு பயறு அளவு, பிறகு கூழாங்கல் அளவு. அந்த நேரத்தில் நிறம் சட்டென்று கருக்கும், மணம் கிளம்பும். தண்ணீர் ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் அன்றைய மாவு போயிற்று. மழை நாளில் ஓர் அளவு, காய்ந்த குளிர்நாளில் வேறோர் அளவு. ‘கத்திக்கு மூன்று நாள், தேய்ப்பதற்கு மூன்று மாதம், மாவுத்தட்டுக்கு மூன்று வருடம்’ என்று சோபாக்காரர்கள் சொல்வார்கள். வெளியாளுக்கு வியப்பாகத் தெரிவது கத்தி வேலை. தொழிலில் இருப்பவர்களுக்குக் கடினம் அந்தத் தண்ணீர்.

பிறகு வட்டமாகத் தட்டி, உருட்டுக்கட்டைகளில் சுற்றிச் சுற்றித் தேய்த்துச் சதுரமாக்குவார். மடித்து வைத்து, ஒரு பலகையை அணைத்துப் பிடித்து, கனமான அகலக் கத்தியால் வெட்டுவார். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை இம்மி சாய்த்தால் பலகை ஓர் இழை அகலம் நகரும். எடோ பாணியில் அந்த அகலம் சுமார் 1.3 மில்லிமீட்டர். கண்ணால் அளப்பதில்லை, சத்தத்தின் தாளத்தில்தான் வெட்டுகிறார்.

குளிர்ந்த சோபாவா, சூடான சோபாவா, எதைக் கேட்பது?

மழையோ வெயிலோ, முதல் தடவை குளிர்ந்ததுதான். வெந்த இழையைக் குளிர்நீரில் அலசி, மூங்கில் தட்டில் தருவார்கள். இழையின் மணமும் இறுக்கமும் அப்போதுதான் தெரியும். ‘மோரி’, ‘செய்ரோ’ என்று எழுதியிருந்தால் அதுதான். ‘ஜாரு’ என்றால் பெரும்பாலும் மேலே நோரி கடற்பாசி தூவியிருக்கும். செய்ரோ என்பது ஆவியில் வேகவைக்கும் தட்டின் பெயர். ஒரு காலத்தில் சோபாவை ஆவியில் அவித்தார்கள். அவிப்பது நின்று போய்விட்டது, தட்டும் பெயரும் தங்கிவிட்டன.

சூடானவற்றில் எளிமையானது ‘காகே’, வெறும் இழையும் குழம்பும். ‘கிட்சுனே’ என்றால் இனிப்பும் உப்புமாக ஊறிய பொரித்த டோஃபு மேலே இருக்கும். கிட்சுனே என்றால் நரி; நரிக்கு அது பிடிக்கும் என்பது நம்பிக்கை. ‘ட்சுகிமி’ என்றால் நிலா பார்ப்பது, பச்சை முட்டை உடைத்து ஊற்றியது. ‘தோரோரோ’ துருவிய வள்ளிக்கிழங்கு வகை, வழவழப்பாக இருக்கும். ‘காமோ நான்பான்’ வாத்துக்கறியும் வெங்காயத்தாளும் போட்டது. அசைவம் சாப்பிடுகிறவர் குளிர்காலத்தில் போனால் தயங்காமல் அதையே கேளுங்கள். கியோட்டோவில் இனிப்பாக வேகவைத்த ஹெர்ரிங் மீனை மேலே வைத்துத் தருவார்கள், ‘நிஷின் சோபா’.

நான் சைவம். சாப்பிட முடியுமா?

இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டியது கடமை. பழைய பாணிக் கடையில் இழை சைவம், தொட்டுக்கொள்ளும் குழம்பு சைவம் அல்ல. ‘ட்சுயு’ எனப்படும் அந்தக் குழம்பு இரண்டு பொருள் சேர்ந்தது. சோயா சாஸ், மிரின் என்னும் இனிப்பு மது, சர்க்கரை காய்ச்சி ஆறப்போட்டது ஒன்று. ‘தாஷி’ என்னும் சாறு மற்றொன்று. சோபா கடையில் தாஷி என்றால் புகையிட்டுக் காயவைத்த போனிட்டோ மீனைச் சீவிக் கொதிக்கவிட்ட சாறுதான். காய்கறி டெம்புரா, அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த காய், சேர்ந்த சோபா கேட்டாலும் கூட வருவது அந்த மீன் சாறே. டெம்புரா மாவில் முட்டை இருக்கும், இறால் பொரித்த எண்ணெயிலேயே காயையும் பொரிப்பார்கள். ‘மீன் வேண்டாம்’ என்று சொன்னால் ‘மீன் துண்டு வேண்டாம்’ என்றுதான் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். கேட்க வேண்டிய வாக்கியம் இது: “சகானா நோ தாஷி வா ஹைத்தே இமாஸ் கா?” மீன் சாறு சேர்ந்திருக்கிறதா என்று பொருள்.

என் பெரியம்மா ஒரு முறை வந்திருந்தார். மீன், முட்டை தொடாதவர். மேற்கு டோக்கியோவில் ஒரு சின்ன கடை. நான் கேட்டதும் உரிமையாளர் அம்மாவே வெளியே வந்து, “எங்கள் ட்சுயு முழுக்க மீன்தான், மன்னியுங்கள்” என்று தலை வணங்கினார். உள்ளே போய் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து, “உப்புத் தொட்டுச் சாப்பிடுகிறீர்களா?” என்றார். ஜூவாரி ஒரு தட்டும் சின்னக் கிண்ணத்தில் கல்லுப்பும் வந்தன. பெரியம்மா நாலு இழையை எடுத்து, நுனியில் உப்பைத் தொட்டு வாயில் போட்டார். மென்றுகொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வைக்கப்போர் பக்கத்துல நிக்கிற மாதிரி வாசனை வருதுப்பா” என்றார். சோபாவின் மணத்தை அதைவிடச் சரியாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

உப்புத் தொட்டுச் சாப்பிடுவதைச் சில ஜூவாரி கடைகள் தாமாகவே பரிந்துரைப்பதும் உண்டு. ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ‘கொம்பு’ என்னும் கடற்பாசியும் ஷீட்டாகே காளானும் மட்டும் போட்ட சைவ தாஷி கேட்டால், சாதாரணக் கடைகளில் கிடைப்பது அரிது. அதற்கென்றே இருக்கும் கடைகளை முன்கூட்டித் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹலால் பார்ப்பவர்களுக்கு: மிரின் மதுவகையைச் சேர்ந்தது, ட்சுயுவில் அநேகமாக எப்போதும் இருக்கும்.

குளூட்டன் ஒத்துக்கொள்ளாது. ஜூவாரி சாப்பிடலாம்தானே?

நம்பிப் போக வேண்டாம். சோயா சாஸிலேயே கோதுமை உண்டு. உடோன் என்னும் கோதுமை நூடுல்ஸும் விற்கும் கடையில் இரண்டையும் ஒரே பானையில் வேகவைப்பது சகஜம்.

இதைவிட முக்கியமான விஷயம், சோபா அலர்ஜி. சிலருக்கு மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகும். பொட்டலத்தில் கட்டாயம் அச்சிட வேண்டிய அலர்ஜிப் பொருள்களின் பட்டியலில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலையோடு சோபாவையும் ஜப்பான் சட்டம் வைத்திருக்கிறது. நாம் பக்வீட் சாப்பிட்டு வளராதவர்கள், ஒத்துக்கொள்ளுமா என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. ஏற்கெனவே உணவு அலர்ஜி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். குழந்தைக்கு முதல் முறை என்றால் வெளியூரில் வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். அலர்ஜி தெரிந்தவர்கள் கடைக்குள்ளேயே போக வேண்டாம். காற்றில் மாவுத்தூள் இருக்கும். பழைய விடுதிகளில் தலையணைக்குள் பக்வீட் உமி அடைத்திருப்பார்கள், அறை எடுக்கும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.

தட்டு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் போனை எடுத்து ஒரே ஒரு படம். அத்தோடு சரி.

குழம்பு இல்லாமல் இரண்டு இழையை மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு ட்சுயுவை நாக்கில் ஒரு சொட்டு. அது எவ்வளவு கெட்டி என்று தெரிந்தால்தான் இழையை எவ்வளவு முக்குவது என்று தெரியும். டோக்கியோவின் பழைய கடைகளில் ட்சுயு கெட்டி, உப்பும் தூக்கல். இழையின் நுனியில் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். மேற்கே கியோட்டோ, ஒசாகா பக்கம் போனால் குழம்பு இளசு. சின்னக் கிண்ணத்தை இடது கையில் தூக்கி வாய் அருகில் பிடித்துக்கொள்ளலாம், அதுதான் முறையும்கூட. குவியலின் மேலிருந்து ஐந்தாறு இழை மட்டும் எடுங்கள். நடுவில் குச்சியை விட்டால் பாதித் தட்டு எழுந்து வரும்.

வசாபி என்னும் காரமான பச்சை விழுதைக் குழம்பில் கரைப்பவர்கள் உள்ளூரிலும் இருக்கிறார்கள், குற்றமில்லை. ஆனால் கரைத்தால் அதன் மணம் போய்விடும், குழம்பின் மணமும் மங்கும். இழையின் மேல் கொஞ்சம் தடவி, குழம்பில் படாமல் வாயில் வைத்துப் பாருங்கள். வெங்காயத்தாளைப் பாதி சாப்பிட்ட பிறகு போடுங்கள்.

உறிஞ்சிச் சத்தம் போட வேண்டுமாமே?

போடலாம், போடாமலும் இருக்கலாம். சத்தத்துக்காகச் சத்தம் இல்லை அது. இழையோடு காற்றையும் உள்ளே இழுத்தால் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பக்வீட்டின் மணம் மிக மெல்லியது. அப்படி இழுக்காவிட்டால் பாதிதான் தெரியும். வீட்டில் சத்தம் போட்டுச் சாப்பிடாதே என்று வளர்க்கப்பட்ட நமக்குத் தயக்கம் இருக்கும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், யாரும் கவனிக்கப் போவதில்லை. அதே காரணத்துக்காக, சோபா கடைக்குப் போகிற நாளில் சென்ட் அடித்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியில் கலங்கலாக ஒரு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். கை கழுவவா?

அந்த மாதிரி நினைத்து ஒருவர் விரலை விட்டதை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே கேட்டது நல்லது. அது சோபாயு, சோபா வெந்த தண்ணீர். சோறு வடித்த கஞ்சி மாதிரிதான். சதுரமான அரக்குச் செப்பிலோ சின்ன பானையிலோ வரும். கிண்ணத்தில் மீந்த ட்சுயுவில் அதை ஊற்றி, உங்கள் வாய்க்குப் பிடித்த உப்புக்கு வரும்வரை இளக்கிக் குடிக்க வேண்டும். முதலில் வெறும் சோபாயுவை ஒரு வாய் குடித்துவிட்டுக் கலப்பது என் பழக்கம். சைவம் என்றால் அதோடு உப்பு.

காலையில் கடை திறந்ததும் போனால் சோபாயு தெளிவாக இருக்கும். மதியம் ஆக ஆக, நூறு பேருக்கு வெந்த மாவெல்லாம் இறங்கி, பால் போலக் கெட்டியாகும். எனக்கு அந்த மதியத் தண்ணீர்தான் பிடிக்கும். தானாக வராவிட்டால், “சோபாயு ஒனெகாய் ஷிமாஸ்” என்று கேளுங்கள்.

பகலிலேயே மது குடித்துக்கொண்டு இருக்கிறார்களே?

சோபா கடையில் அது பழைய மரபு. ‘சோபாமாயே’, சோபாவுக்கு முன் என்று பெயர். ஒரு குப்பி சாகே என்னும் அரிசி மது, கூடவே வசாபியோடு மீன் பணியாரத் துண்டுகள், மரக்கரண்டியில் தடவிச் சுட்ட மிசோ என்னும் சோயா விழுது, முட்டைச் சுருள். இப்படி மெல்ல மெல்லச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில்தான் சோபா கேட்பார்கள். சோபாவை மட்டும் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து போவார்கள். அரை மணி நேரம் நிதானம், மூன்று நிமிடம் வேகம். மது குடிக்காதவர்கள் சோபாச்சா கேட்கலாம், வறுத்த பக்வீட் விதையில் போட்ட தேநீர்.

அளவு இவ்வளவுதானா? விலை?

பழைய கடைகளில் அளவு குறைவுதான். எடோ காலத்தில் சோபா சிற்றுண்டி, முழுச்சாப்பாடு அல்ல. பசி இருந்தால் ‘ஓமோரி’ என்று பெரிய அளவாகக் கேட்பதைவிட இரண்டாவது தட்டு தனியாகக் கேளுங்கள். முதல் தட்டு முடியும்போது இரண்டாவது புதிதாக வெந்து வரும். ஒரு மோரி சுமார் 800 முதல் 1,200 யென், இறால் டெம்புரா சேர்ந்தால் 2,000 யென்னைத் தொடும். டிப்ஸ் கிடையாது. கார்டு வாங்காத கடைகள் இன்னும் உண்டு, கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குப் போகலாம்?

பதினொன்றரை மணிக்குத் திறக்கும் கடை என்றால் பதினொன்றே காலுக்கு. அன்று பிசைந்த மாவு தீர்ந்தால் கடை மூடிவிடும், பலகையில் நேரம் என்ன எழுதியிருந்தாலும் சரி. சாப்பிட்டு முடித்த பிறகு உட்கார்ந்து கதை பேச வேண்டாம், வெளியே வரிசை நிற்கும். கூட்டமாக ஏழெட்டுப் பேர் போவதும் சரிப்படாது. இலையுதிர் காலத்தில் வந்தால் வாசலில் ‘ஷின்சோபா’ என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்களா பாருங்கள். புது அறுவடை மாவு, லேசான பச்சைச் சாயல் இருக்கும். டிசம்பர் 31 மட்டும் வேண்டாம். வருடம் கழிவதற்கு முன் சோபா சாப்பிடுவது நாடு முழுக்க வழக்கம் என்பதால் வரிசை தெருமுனை தாண்டும்.

ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்களே, அது மட்டமா?

இல்லவே இல்லை. இயந்திரத்தில் டிக்கெட் எடுத்து நீட்டினால் ஒரு நிமிடத்தில் கிண்ணம் வரும், விலை பாதிதான். பக்வீட் குறைவாக இருக்கும், குழம்பு அருமையாக இருக்கும். குளிர்காலக் காலையில் நடைமேடையில் அந்த ஆவி முகத்தில் படுவதே ஒரு சுகம்.

டோக்கியோவுக்கு வெளியே?

நாகானோவின் தோகாகுஷியில் இழையைச் சின்னச் சின்ன முடிகளாகச் சுற்றி வட்டத் தட்டில் அடுக்கித் தருவார்கள். இசுமோவில் ஓட்டோடு அரைப்பதால் இழை கருப்பு. அடுக்கு வட்டப் பெட்டிகளில் வரும், குழம்பை மேலேயே ஊற்ற வேண்டும். நீகாத்தாவில் ஃபுனோரி என்னும் கடற்பாசியைப் பசையாகச் சேர்ப்பார்கள், இழை வழுவழுவென்று இருக்கும். இவாத்தேயின் வான்கோ சோபாவில், நீங்கள் ஒரு வாய்க் கிண்ணத்தைக் காலி செய்த அடுத்த நொடி பரிமாறுகிறவர் இன்னொரு வாய் போட்டுவிடுவார். மூடி போட்டு மூடும்வரை நிறுத்த மாட்டார். சுமார் 15 கிண்ணம் சேர்ந்தால் ஒரு சாதாரண அளவு.

ஒரே ஒரு வேளைதான் இருக்கிறது. எங்கே போவது?

கான்டா. 1945 குண்டுவீச்சில் டோக்கியோவின் பெரும்பகுதி எரிந்தபோது தப்பிய சில தெருக்கள் அங்கே இருக்கின்றன. அந்தத் தெருக்களில் 1880இல் தொடங்கிய கான்டா யாபு சோபாவும் 1884இல் தொடங்கிய கான்டா மாட்சுயாவும் சில நிமிட நடையில் இருக்கின்றன. விடுமுறை நாளை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மாட்சுயாவில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்வீர்கள், எனக்கு அது பிடிக்கும். யாபு சோபாவின் பழைய மரக்கட்டடம் 2013 பிப்ரவரியில் தீப்பிடித்தது. 2014 அக்டோபரில் புதிய கட்டடத்தில் திறந்தார்கள். கட்டடம் புதிது என்றாலும் ஒரு பழக்கத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டதை, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி அடுப்படிக்குக் கேட்கும்படி ராகம் இழுத்துப் பாடுவார். மற்ற சொற்கள் புரியாவிட்டாலும் ‘செய்ரோ’ என்பது காதில் விழும். அது உங்களுடையது, குச்சியைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.